இழுத்தால் அவிழும் முடிச்சு

நெஞ்சு வலி நின்றுபோன ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்ததாக ஒரு நர்ஸ் மேல் புகார். வலி இருந்தபோதே கொல்வது சுலபமாக இருந்திருக்குமே என்று இன்ஸ்பெக்டர் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கென்று அரசாங்கம் தனியாக எதுவும் தருவதில்லை என்பது அவர் கட்சி.

அந்த நர்ஸ், மாரியாயி, சேலம் சூரமங்கலத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த துப்பறியும் நிபுணர் சைபுல்லாவின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுப்பு கசங்கியிருந்தது. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். அந்த வரைக்கும் சைபுல்லாவுக்கு நல்லது. அழுகிறவர்களுக்குக் கொடுக்க அவரிடம் சுத்தமான கைக்குட்டை இருந்ததில்லை.

"சாயங்காலம் ஜீப் வருமுங்க. கொலை முயற்சின்னு இன்ஸ்பெக்டரு எழுதிட்டாராம். அப்புறம் இந்த ஜில்லாவுல எவன் என்னை ஊசி புடிக்க உடுவான்?"

"அழாம, காலையிலேர்ந்து சொல்லும்மா," என்றார் சைபுல்லா.

மூலையில் உதவியாளன் தீர்த்தகிரி பழைய பேப்பர்களைக் கட்டிக்கொண்டிருந்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போட்டுப் போட்டுத் தேய்ந்தவன். இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் பாக்கி. கயிற்றின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை வலது கையால் சுற்றினான். வாயில் கயிறு இருந்ததால் அறையில் சற்று நிம்மதி நிலவியது.

மாரியாயி சொன்னாள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அப்புசாமியை விடிந்ததும் நெஞ்சு வலியோடு அவள் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுவந்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி. அதைக் கரைக்கிற புது மருந்து ஒன்று ஐஸ் பெட்டியில் ரயிலேறி வந்திருந்தது. டாக்டர் சென்னியப்பன் அதை ஏற்றினார். கட்டி கரைந்தது. வலி போய்விட்டது.

"போன உடனே எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. படுக்க வெக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போச்சு. டாக்டர் ரெண்டாவது பாட்டில் மாட்டி, 'சொட்டுச் சொட்டா உடணும், ஆளு அசையக்கூடாது, நீ நகரக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் நகரல. அப்பத்தான் அவரு மச்சினன் சின்னண்ணன் வந்து, 'டாக்டர் உங்களைக் கீழ பின்பக்கத்து லேப்புக்குக் கூப்புடறாரு'ன்னாரு. போனனுங்க. லேப் பூட்டிக் கெடந்துச்சு. டாக்டர் வருவாருன்னு ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு மேல வந்தா, மனுசன் கட்டில்ல வெட்டி வெட்டி இழுக்கறாரு. சொட்டு எறங்கல. குழாயில ஒரு முடிச்சு."

"முடிச்சா?"

"ஆமாங்க. ஒரு முனைய இழுத்தேன். பொலபொலன்னு அவுந்துருச்சு. டாக்டர் ஓடியாந்து நெஞ்சுல கரண்டு குடுத்து உசுரப் புடிச்சாரு. இன்னும் கண்ணு தொறக்கல. மச்சினன் என்ன சொல்றாருன்னா, நாந்தான் பாட்டிலை நிறுத்திப்போட்டு அரட்டை அடிக்கப் போயிட்டேனாம். முடிச்சு இருந்துச்சுன்னா, 'எங்க காட்டு'ங்கறாரு."

தீர்த்தகிரி வாயிலிருந்த கயிற்றை விட்டான். "உன்னைக் காப்பாத்த இருந்த ஒரே சாட்சி அந்த முடிச்சு. அதையும் உன் கையாலயே அவுத்துட்டே. நல்ல பொண்ணும்மா நீ."

"கிரி, கயித்தைக் கடி," என்றார் சைபுல்லா. பிறகு ஒரு துண்டுச் சணலை எடுத்து மாரியாயியிடம் நீட்டினார். "இந்தப் பேப்பர் கட்டை நீ கட்டு பார்ப்போம். யோசிக்காம, சட்டுனு."

அவள் விரல்கள் ஒரு நொடி குறுக்கும் நெடுக்கும் போய் வந்தன. தீர்த்தகிரி அவிழ்த்துப் பார்த்தான். நகத்தால் நெம்பினான். பல்லால் கடித்தான். கடைசியில் முடிச்சிடம் தோற்றுப்போய்க் கீழே வைத்தான்.

"என்ன கண்றாவி முடிச்சு இது?"

"தறியில நூல் அந்துபோனா போடறதுங்க. எடப்பாடியில எங்கூட்டுல ரெண்டு தறி. வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்த முடிச்சுதான் கைக்கு வரும். அவுக்க முடியாது. அறுக்கத்தான் வேணும்."

சைபுல்லா முதன்முறையாக நாற்காலியில் நிமிர்ந்தார். "அந்தக் குழாய் எங்கே?"

அவள் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். பிளாஸ்டிக் குழாய். அறுபடவில்லை. ஓரிடத்தில் மடிந்து கசங்கிய தடம். அதற்குக் கொஞ்சம் மேலே இரண்டு சின்னப் பள்ளங்கள், அரிசி அளவுக்கு. சைபுல்லா அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் துப்பறியும் நிபுணர்களை ஊர் மதிக்கிறது.

•

நர்சிங் ஹோமின் மாடியறையில் அப்புசாமி மல்லாந்து கிடந்தார். பெரிய தேகம். வெற்றிலைக் கறை ஏறிய பற்கள் பாதி திறந்த வாயில் தெரிந்தன. இடது கையை ஓர் அட்டையோடு சேர்த்துத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள், அதில்தான் ஊசி. ஊசி போட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்திருந்தது.

"கட்டியைக் கரைக்கிற மருந்து, ரத்தம் முழுக்கத்தான் கரைக்கும்," என்றார் டாக்டர் சென்னியப்பன். சவரம் செய்யாத, தூங்காத முகம். "ஊசி குத்தின இடமெல்லாம் இன்னைக்குக் கசியும். அது பெரிசில்ல."

"வலி போன பிறகு எதுக்கு டாக்டர் ரெண்டாவது பாட்டில்?"

"எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. அடைப்புப் போச்சுன்னா கதை முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. ரத்தம் இல்லாம கெடந்த தசைங்க அது. நொந்து போயிருக்கும். அடைப்பு தொறந்ததும் ரத்தம் ஒரே பாய்ச்சலா வரும். அந்தப் பாய்ச்சலே தசையைக் கெடுக்கும். துடிப்பு தறிகெட்டு ஓடும். அந்த நேரத்தைத் தாண்டற வரைக்கும் இதயத்துக்குக் காவல் வேணும். ரெண்டாவது பாட்டில்தான் காவல். ஆளு அசையாமக் கெடக்கறது இன்னொரு காவல். ரெண்டும் போச்சு."

தீர்த்தகிரி தன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். "இதுவும் அப்படிப் போனதுதானுங்க. கம்ப்ரஸர் ஹோஸ்ல சேறு அடைச்சுக்கிச்சு. அடைச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் அது பரமசாது, மேல ஏறி உக்காந்து பீடி குடிச்சேன். தட்டித் தட்டி அடைப்பை எடுத்தோம் பாருங்க, எந்திரிச்சு ஒரு வீசு வீசுச்சு. மூணு வெரலும் கெணத்துக்காரர் தோட்டத்துலயே நின்னுக்கிச்சு. தண்ணி வந்துச்சுன்னு அவரு பொங்கல் வெச்சாரு."

டாக்டர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா. அதேதான்," என்றார்.

வெளியே வந்து படியிறங்கும்போது தீர்த்தகிரி முணுமுணுத்தான். "மச்சினன்தான் பாய். மாமன் போனா பட்டறை அக்காவுக்கு. அக்காவுக்கு வந்தா தம்பிக்கு. நர்ஸைக் கீழ அனுப்பிப்போட்டு முடிச்சைப் போட்டிருக்கான். கணக்கு சரியா வருது."

"சரியா வர்ற கணக்கெல்லாம் எனக்குச் சந்தேகம்," என்ற சைபுல்லா படியில் நின்றுவிட்டார். "இது என்ன?"

படிகளில் அங்கங்கே காய்ந்த சிவப்புப் பொட்டுகள்.

"வெத்தலை எச்சி. ஆஸ்பத்திரின்னா அது இல்லாமயா?" என்ற தீர்த்தகிரி, இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினான். அவன் முகம் மாறியது. "இல்லைங்க பாய். வெத்தலை போடறவனுக்கும் ஒரு மரியாதை இருக்குது. மூலையிலதான் துப்புவான். இவன் நட்டநடுப் படியில, படிக்கொரு சொட்டு வெச்சுக்கிட்டே போயிருக்கான்."

இருவரும் பொட்டுகளோடு இறங்கினார்கள். வராந்தா. வாசல். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம். அங்கே உடைந்த பூசணிக்காய், குங்குமம் அப்பிய சதையோடு வெயிலில் சுருங்கிக் கிடந்தது. பக்கத்தில் நான்கு எலுமிச்சம்பழங்கள் அப்பளமாக நசுங்கி ரோட்டோடு ஒட்டியிருந்தன. நசுங்கிய தோலில் டயரின் வரிகள் ஆழமாக, புத்தம் புதிதாக.

"பெரிய டயர். ரோட்டை இன்னும் சரியாப் பாக்காத டயர்," என்று குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தான் தீர்த்தகிரி. "புது லாரிக்குப் பூசை போட்டிருக்காங்க. போயும் போயும் ஆஸ்பத்திரி வாசல்லயா?"

"நாமக்கல்ல செஞ்ச லாரி சேலத்துக்கு வந்து பூசை வாங்கியிருக்கு. ஏன்னு யோசி." எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்திலும் இரண்டு சிவப்புப் பொட்டுகள் இருந்தன. குங்குமத்தோடு குங்குமமாக ஒதுங்கி நின்றன.

தீர்த்தகிரி பூசணிக்காயைப் பார்த்தான். மாடி ஜன்னலைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. சைபுல்லா அதைத் தன் தொழில் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் ஒன்றாகக் கருதினார்.

•

ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஒரு பெண்ணைக் கைது செய்யப் போகும்போது மட்டும் அந்த ஜீப் மக்கர் பண்ணாது.

அப்புசாமியின் அறைக்குள்ளேயே எல்லோரும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர், டாக்டர், சுவரோடு ஒட்டிக்கொண்டு மாரியாயி. கட்டில் தலைமாட்டில் அப்புசாமியின் மனைவி சென்னியம்மாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் தம்பி சின்னண்ணன், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில்.

"துப்பறியறவரு பாய், நீங்க துப்பறிஞ்சது போதும். பாட்டிலை நிறுத்தினது நர்ஸ். வேலை நேரத்துல எடத்தை விட்டுப் போனதும் நர்ஸ். கேஸ் முடிஞ்சது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"முடிஞ்ச கேஸை அஞ்சு நிமிஷம் திறந்து வைங்க. சின்னண்ணன், இந்தாங்க." சைபுல்லா அதே மாதிரி இன்னொரு குழாயை நீட்டினார். "சொட்டு நிக்கற மாதிரி இதுல ஒரு முடிச்சுப் போடுங்க."

"நான் எதுக்குங்க போடணும்?"

"போடு மாப்ளே, பயமா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு வித்தை காட்டினால் பிடிக்கும்.

சின்னண்ணன் குழாயை வாங்கினான். இரண்டு கையும் ஒருமுறை சுழன்றன. முடிச்சு விழுந்தது. சைபுல்லா ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். பொலபொலவென்று அவிழ்ந்தது.

"தார்ப்பாய் முடிச்சு," என்றார் சைபுல்லா. "பாரத்தை ஏத்திக் கயிறு கட்டறப்போ போடறது. எறக்கறப்போ ஒரு இழுப்பு. இந்தப் பொண்ணு இழுத்ததும் அவிழ்ந்தது இதுதான். இவ போட்டிருந்தா தறி முடிச்சு விழுந்திருக்கும். குழாயை அறுத்துத்தான் எடுத்திருக்கணும். குழாய் முழுசா இருக்கு."

இன்ஸ்பெக்டரின் கண்கள் மெல்ல மாரியாயியை விட்டுச் சின்னண்ணன் மேல் வந்து உட்கார்ந்தன. கேஸை மாற்றி எழுத அவருக்கு ஒரே ஒரு பெயரை அடித்தால் போதும்.

சின்னண்ணன் ஓரடி பின்வாங்கினான். "ஏனுங்க, நாமக்கல்லுல இந்த முடிச்சு தெரியாதவன் எவன் இருக்கறான்? அதுக்குன்னு என்ற மச்சானை நான் கொல்லுவனா?"

"நர்ஸைப் பூட்டின லேப்புக்கு எதுக்கு அனுப்புனே?"

"அது..."

"சொல்லாதடா," என்றாள் சென்னியம்மாள்.

"சொல்ல வேண்டாம்மா. நானே சொல்றேன்," என்றார் சைபுல்லா. "உங்க தம்பி கொல்லப் பார்க்கல. முடிச்சுப் போட்டதும் அவர் இல்ல."

இன்ஸ்பெக்டர் பெயரை அடிக்க எடுத்த பேனாவை நிறுத்தினார். "பாய், ஒரு பக்கம் நில்லுங்க. நர்ஸும் இல்ல, மச்சினனும் இல்லைன்னா நானா போட்டேன்?"

"கிரி, நீ ஒரு முடிச்சுப் போடு."

தீர்த்தகிரி குழாயை வாங்கினான். இரண்டு விரல் பாக்கியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்தான், வலது கையால் சுற்றினான், இழுத்தான். அதே தார்ப்பாய் முடிச்சு. சைபுல்லா அதை அவிழ்த்து, மாரியாயி கொடுத்த குழாயோடு சேர்த்து ஜன்னலருகில் பிடித்தார். கசங்கிய தடத்துக்கு மேலே இரண்டு பள்ளங்கள். இதிலும் இரண்டு பள்ளங்கள்.

"சின்னண்ணனுக்கு ரெண்டு கை இருக்கு. பல்லைக் கூப்பிடத் தேவையில்ல. ஒரே கையோட இருந்தவர்தான் வாயைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கார். இன்னைக்குக் காலையில இந்த அறையில ஒரே கையோட இருந்தது யாரு?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். அட்டையோடு கட்டிய இடது கை அட்டையோடு கிடந்தது.

"வலி போயிடுச்சு. கீழே புது லாரி வந்து நிக்குது. வாங்கறவருக்கு அப்புசாமி கை வெச்சாத்தான் ராசி. எலுமிச்சம்பழம் அவர்தான் வெக்கணும், பூசணிக்காய் அவர்தான் உடைக்கணும். நர்ஸை அனுப்பிட்டாங்க. பட்டறைக்காரர் இல்லையா, எதையும் சிந்த விடமாட்டார். மருந்து வீணாகக் கூடாதுன்னு குழாயில முடிச்சைப் போட்டு, ஊசியிலேர்ந்து கழட்டி வெச்சுட்டு, மாடிப்படி இறங்கிட்டார். இன்னைக்கு உறையாத ரத்தம் அவருடையது. ஊசியிலேர்ந்து படிக்கொரு சொட்டு விழுந்திருக்கு. பூசையை முடிச்சு, படியேறி வந்து, குழாயைத் திரும்பச் சொருகிட்டுப் படுத்தார். முடிச்சை அவிழ்க்கறதுக்குள்ள இதயம் தறிகெட்டுடுச்சு."

டாக்டர் சென்னியப்பன் சுவரில் சாய்ந்தார். "படியேறி வந்தாரா? அந்த நேரத்துலயா? நான் ஒரு இதயத்தை உள்ளங்கையில வெச்சுக் காவல் காத்துக்கிட்டிருக்கேன், நீங்க அதுல பூசணிக்காய் உடைச்சிருக்கீங்க!"

"எங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றான் சின்னண்ணன். "வலி போனாச் சரியாப் போச்சுன்னுதானே நெனைப்போம்? மச்சானே, 'நல்ல நேரம் தாண்டுது, நான் வாரேன்'னு எந்திரிச்சாரு."

"அதை ஒத்துக்கறதுக்கு என்ன? இந்தப் பொண்ணை ஏன் மாட்டிவிட்டீங்க?"

பதில் சென்னியம்மாளிடமிருந்து வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புது வண்டிக்குப் பழம் வெச்சுட்டு வந்த கை, வந்த உடனே சாஞ்சுருச்சுன்னு வெளிய தெரிஞ்சா அந்த வண்டிய எவன் ஓட்டுவான் சாமி? வாங்குனவன் திருப்பிக் கொண்டாந்து பட்டறை வாசல்ல நிறுத்துவான். அப்புறம் அவிய கையில எவன் பாடி கட்டக் குடுப்பான்? அவிய எந்திரிச்சாலும் அதைக் கேட்டே செத்துருவாங்க."

"அதனால நான் ஜெயிலுக்குப் போகலாமுங்களா?" என்றாள் மாரியாயி. அறைக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

தீர்த்தகிரிதான் பதில் சொன்னான். "வண்டின்னா ராசி பாக்கணும், நம்பர் பாக்கணும், நேரம் பாக்கணும். நர்ஸுக்கு அதெல்லாம் எதுக்கு? ஒண்ணு போனா இன்னொண்ணு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் காற்று வாங்கினார். "இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா எழுதறதுக்கு ஒரு வாக்குமூலம் வேணும். இவங்க ரெண்டு பேரும் நாளைக்கே மாத்திப் பேசுவாங்க. பல்லுத் தடத்தையும் பூசணிக்காயையும் நான் எப்படிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவேன்? பூசணிக்காய் அழுகிடும். அம்மா, நீ ஜீப்புல ஏறு, அங்க போயிப் பேசிக்கலாம்."

மாரியாயி நகரவில்லை. அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலில் சொட்டு நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. அப்புசாமியின் இமை அசைந்தது.

"டாக்டர்," என்றாள்.

டாக்டர் குனிந்து நாடியைப் பிடித்தார். அப்புசாமி கண்ணைத் திறந்தார். விட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் காக்கியைப் பார்த்து, யாரோ டிராபிக் போலீஸ் என்று முடிவு செய்ததைப் போல அலட்சியமாகக் கடந்தார். சின்னண்ணனிடம் வந்து நின்றார். உலர்ந்த உதடு பிரிந்தது.

"மாப்ளே... வண்டி கெளம்பிருச்சா?"

சின்னண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அந்த முன்னாடி வலப்பக்கப் பழம்... சரியா நசுங்குச்சாடா? நாந்தான் எறங்கி வந்து வெச்சனே... இன்னொருக்கா பாத்துட்டு வந்தர்றேன்." பேசிக்கொண்டே வலது கையை இடப்பக்கம் கொண்டுவந்து குழாயைத் தேடினார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி தலையில் வைத்தார். "வாக்குமூலம் வந்தாச்சு," என்றார், தானே வரவழைத்த மாதிரி. ஜீப்புக்குப் போகிறவர் மாரியாயிக்காக ஒதுங்கி வழி விட்டார். மன்னிப்பு என்ற பெயரில் அவரிடம் இருந்தது அவ்வளவுதான்.

மாரியாயி கட்டிலருகே போனாள். அப்புசாமியின் வலது கையைக் குழாயிலிருந்து எடுத்தாள். அலமாரியிலிருந்து ஒரு கட்டுத்துணி எடுத்து, அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்தாள். விரல்கள் குறுக்கும் நெடுக்கும் ஒருமுறை போய் வந்தன.

அப்புசாமி இழுத்துப் பார்த்தார். அவிழவில்லை. முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். இன்னும் இறுகியது. கழுத்தை எக்கிப் பல்லால் எட்டப் பார்த்தார். எட்டவில்லை.

"என்ன முடிச்சும்மா இது? அவுத்து உடு."

"இது எடப்பாடி முடிச்சுங்க. அவுக்க முடியாது." அவள் பாட்டிலின் சொட்டைச் சரி பார்த்தாள். "கத்தரிக்கோலு டாக்டர் சட்டைப் பையில இருக்குது. உங்க இதயம் அடங்கினதும் அவரே அறுத்து உடுவாரு. அதுவரைக்கும் சும்மா படுத்திருங்க."